சேரன், சோழன், பாண்டியன், முப்பத்திரண்டு பூனைகள்

ஹேமநாதன் ஜொகூரின் செனாய் நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாக மெஷின் பழுது பார்த்து வந்தான். ஷாம்பு போத்தல்களுக்கு மூடி செய்கிற மெஷின்கள் அவை. அவனுக்கு மூடி என்றாலே அலுத்துவிட்டது. கடையில் ஷாம்பு வாங்கப் போனால்கூட மூடியைத் திருகிப் பார்த்து, "இது நம்மளுது இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையில் போடுவான். அவன் மனைவி லோஷினி இதற்காகவே ஷாம்பு வாங்கத் தனியாகப் போக ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் கூலாய் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் இருந்த இடத்தில் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பின. எல்லாம் டேட்டா சென்டர்கள். ஹேமநாதனோடு படித்த விஜயன் அதில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளே இருக்கிற குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை அனுப்பி வைத்தான். வெயில் கொளுத்துகிற ஜொகூரில் ஸ்வெட்டர்! ஹேமநாதனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. உடனே போன் போட்டான்.

"டேய், நானும் அங்க வரலாமாடா?"

"வரலாம் லா. ஆனா இண்டர்வியூல கிளஸ்டர் கட்டியிருக்கியான்னு கேப்பாங்க."

"மூடி செஞ்சிருக்கேன்னு சொன்னா?"

"சிரிப்பாங்க. அப்புறம் அடுத்த ஆள கூப்புடுவாங்க."

கிளஸ்டர் என்றால் பல சர்வர் கணினிகள் ஒன்று சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை வேலையைத் தொடரும். பல கணினிகள் வாங்க ஹேமநாதனுக்கு வசதியில்லை. விஜயனே வழி சொன்னான்: ஒரே கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கலாம். வெளியே பார்த்தால் ஒரு பெட்டிதான். ஆனால் உள்ளே மூன்று கணினிகள், ஒவ்வொன்றும் தான் தனி ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

ஹேமநாதன் ஸ்கூடாயில் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய பெட்டிக் கணினி ஒன்றைப் பிடித்தான். அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, தீபாவளி விளக்குகள் எல்லாம் கிடக்கிற ஸ்டோர் ரூமில் அதற்கு இடம் ஒதுக்கினான். ஐந்து வாரங்களின் ஓய்வு நாட்கள் அந்த அறையிலேயே கழிந்தன. கடைசியில் மூன்று விர்ச்சுவல் மெஷின்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு வணக்கம் சொல்லிக்கொண்டன. அவற்றுக்குச் சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர் வைத்தான்.

"வேற பேரே கெடைக்கலையா?" என்றாள் லோஷினி. "அந்த மூணு பேரும் என்னிக்கு ஒத்துமையா இருந்தாங்க?"

"இவங்க ஒத்துமையா இருக்காங்க. இங்க வந்து பாரேன்." ஹேமநாதன் அவளை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனான். "இப்ப சேரன்தான் தலைவரு. நான் சேரன நிறுத்தப் போறேன்."

நிறுத்தினான். பத்து விநாடி திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, சோழன் தலைவரானார் என்று ஒரு வரி வந்தது.

"பாத்தியா? மிச்ச ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டு சோழன தலைவராக்கிட்டாங்க. யாரு செத்தாலும் வேல நிக்காது!"

லோஷினி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்கிறவள். எங்கே வலிக்கிறது என்று நேராகக் கேட்டே பழக்கம். அவள் பெட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"மூணு பேரும் எங்க இருக்காங்க?"

"இந்தப் பெட்டிக்குள்ள."

"பெட்டிக்கு எத்தன பிளக்?"

"ஒண்ணு."

"நான் தெரியாம அந்த ஒண்ண புடுங்கிட்டா?"

ஹேமநாதன் ஒயரைக் காலால் சுவரோரமாகத் தள்ளிவிட்டான்.

"மூணு ராஜாவும் ஒண்ணா செத்துருவாங்க. அப்ப மூணு பேரு எதுக்குங்க?"

"இது கத்துக்கறதுக்கு லா, லோஷி."

"சரி, நல்லா கத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் பின்பக்கம் வெப்பக்காற்று வருகிற இடமாகப் பார்த்து அப்பளப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள். அந்த மழை மாதத்தில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுவதிலும் நமுத்துப் போகாத அப்பளம் அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

கிளஸ்டர் கட்டி முடித்த பிறகு வேறொரு சங்கடம் வந்தது. அதற்கு வேலை எதுவும் இல்லை. மூன்று ராஜாக்கள் இருந்தார்கள், ஆள ஒரு நாடு இல்லை. ஹேமநாதன் தினமும் வேலை முடிந்து வந்து ஒருவரை நிறுத்துவதும், இன்னொருவர் தலைவராவதைப் பார்ப்பதுமாக இருந்தான். பிறகு சாப்பிடுவான்.

நாடு பக்கத்து வீட்டிலிருந்தே கிடைத்தது.

பக்கத்து வீட்டில் கதிரேசு இருந்தார். சிலோன் தமிழர், எழுபத்தொரு வயது, நில அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாமானின் பொது மண்டபமான பாலாய் ராயாவின் சாவி அவரிடம்தான் இருக்கும். பிறந்த நாள், யோகா வகுப்பு, குர்ஆன் சூரா வாசிப்பு, சீன ஆண்ட்டிகளின் நடனம் எல்லாவற்றுக்கும் அவரிடம் வந்து தேதி கேட்கவேண்டும். அவர் ஒரு தடித்த நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அந்த மழை மாதத்தில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி, தண்ணீர் நேராக நோட்டின் மேல் விழுந்தது. மார்கழி வரைக்கும் எழுதியிருந்த எல்லாப் பெயர்களும் கரைந்து சாம்பல் நிறமாகிவிட்டன. தாமான் குடியிருப்பாளர் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஹேமநாதன் கையைத் தூக்கினான்.

"என்கிட்ட ஒரு கிளஸ்டர் இருக்கு" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவ்வளவு உறுதியாக ஒருவன் சொன்னால் ஏதோ நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். கதிரேசு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, பாலாய் என்ர பொறுப்பு. மெஷின் உம்மட வீட்டில இருந்தா, ஒவ்வொரு தடவையும் நான் உம்மட கேட்டைத் தட்டிக்கொண்டு நிக்கிறதோ? எனக்கும் ஒண்டு வேணும்."

ஹேமநாதனுக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லோஷினி கேட்ட பிளக் கேள்விக்கு இதுதானே விடை! ஒரு ராஜா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால், ஒரு வீட்டில் கரண்டு போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். அவன் லோஷினியின் பழைய லேப்டாப்பில் பாண்டியனை ஏற்றி, கதிரேசு வீட்டு ஹாலில் வைத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே, பின்பக்கக் கால்வாய் ஓரமாக ஒரு நீலநிறக் கேபிளை இழுத்தான். போனில் தேதி கேட்கிறவர்களின் பதிவு ஹேமநாதன் வீட்டுச் சேரனுக்கும் சோழனுக்கும் வரும். நேரில் வருகிறவர்களின் பதிவைக் கதிரேசு பாண்டியனில் ஒற்றை விரலால் தட்டுவார். மூவரும் கேபிள் வழியாகக் கலந்து பேசி, தேதி காலியாக இருந்தால் உறுதி செய்வார்கள்.

கதிரேசுவின் மனைவி யோகம், லேப்டாப் மேல் தானே பின்னிய வெள்ளை லேஸ் துணியை விரித்து, முதல் நாள் ஒரு செம்பருத்திப் பூவும் வைத்தார். மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஹேமநாதன் தொழிற்சாலையில் யாரைப் பார்த்தாலும் சேர சோழ பாண்டியரைப் பற்றியே பேசினான். அவன் தமிழ் வகுப்பு எடுக்கிறான் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், லோஷினி ஓவனில் கேக் வைத்துவிட்டுச் சுடுதண்ணீர் ஹீட்டரையும் போட்டாள். வீட்டில் கரண்டு டிரிப் ஆனது. அவள் தலையில் நுரையோடு இருந்ததால் மெயின் சுவிட்சுக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கதிரேசு தொழிற்சாலைக்குப் போன் போட்டுவிட்டார்.

"தம்பி, உம்மட பாண்டியன் வேலை செய்ய மாட்டன் எண்டு நிக்கிறான். 'போதிய உறுப்பினர் இல்லை, முடிவெடுக்க இயலாது' எண்டு எழுதிக் காட்டுறான். இங்க யோகா டீச்சர் வந்து காத்துக்கொண்டு நிக்கிறா."

"அங்கிள், எங்க வீட்ல கரண்டு இல்ல போல. அவன் தனியா இருக்கான். மூணு பேருல ரெண்டு பேராவது இருந்தாத்தான் முடிவெடுப்பான்."

"ஏன்?"

"மத்த ரெண்டு பேரும் நெஜமாவே செத்துட்டாங்களா, இல்ல இவனுக்குத்தான் அவங்க பேசறது கேக்கலையான்னு இவனுக்குத் தெரியாது அங்கிள். அங்க அவங்க ஒரு முடிவு, இங்க இவன் ஒரு முடிவுன்னு எடுத்துட்டா குழப்பமாயிரும்."

கதிரேசு யோகா டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"நான் முப்பத்தொரு வருஷம் கவுண்டரில இருந்தனான். பக்கத்துக் கவுண்டர்காரன் செத்துப் போனானோ, தேத்தண்ணி குடிக்கப் போனானோ எண்டு ஒரு நாளும் விசாரிச்சதில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினன். இவனுக்கு அந்தத் தைரியம் இல்லையோ?"

அடுத்த இரண்டு நாளில் இதையே அவர் நான்கு முறை சொன்னார். ஒரு முறை வேலிக்கு மேலிருந்து, ஒரு முறை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எல்லார் முன்னாலும். நான்காம் முறை ஹேமநாதன் தோற்றுப்போனான். மற்றவர்கள் கண்ணில் படவில்லை என்றால் யாரும் தனியாகவே முடிவெடுத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினான். அவன் படித்த பாடத்தில், இப்படிச் செய்யாதே என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பெரியவர் கோபம் ஆறட்டும், பிறகு பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தான். மறந்து போனான்.

மறு வாரம் அய்யாவு புல் வெட்ட வந்தார். முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு கால்வாய் ஓரமாக வெட்டிக்கொண்டே போனவர், நீலக் கேபிளையும் சேர்த்து வெட்டினார். குனிந்து பார்த்தார். ஏதோ பழைய டிவி ஒயர் என்று தோன்றியது. நல்ல மனிதர். யாராவது தடுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று இரண்டு முனையையும் சேர்த்து அழகாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பக்கத்து வீட்டு ராஜாக்கள் இருவரும் மாண்டார்கள் என்று பாண்டியன் முடிவு செய்து, தன்னையே தலைவனாக்கிக்கொண்டான். பாண்டியன் போய்ச் சேர்ந்தான் என்று சேரனும் சோழனும் முடிவு செய்து, வேலையைத் தொடர்ந்தார்கள். ஏதாவது கெட்டுப் போயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது, இரண்டு பக்கமும் கேட்டவர்களுக்கெல்லாம் தேதி கிடைத்தது. பாலாய் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே இல்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

வியாழக்கிழமை மனோகரன் கதிரேசு வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அவருடைய மகள் மலருக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயதார்த்தம். கதிரேசு ஒற்றை விரலால் தட்டினார். உறுதி செய்யப்பட்டது.

வெள்ளிக்கிழமை பின்வீதி மலாய்ப் பெண்மணி புவான் ரொஹானி போனில் அதே ஞாயிறு காலையைக் கேட்டார். அவர் அந்த வட்டாரப் பூனை வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். ஆண்டுக்கொரு முறை நடக்கும் அழகுப் பூனைப் போட்டி. உறுதி செய்யப்பட்டது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஹேமநாதனும் லோஷினியும் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்திக்கொண்டு பாலாய்க்கு வந்தபோது, வாசலில் ஒரு பக்கம் வாழைமரம் கட்டியிருந்தது. இன்னொரு பக்கம் ஐந்து வேன்கள் நின்றன. வேன்களிலிருந்து கூண்டு கூண்டாகப் பூனைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மனோகரன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் போனோடு புவான் ரொஹானிக்கு எதிரே நின்றார். புவான் ரொஹானியும் கையில் போனோடு நின்றார். இரண்டு போனிலும் ஒரே மண்டபம், ஒரே நாள், ஒரே நேரம்.

"ஹேமா! வாப்பா, வா!" மனோகரன் போனை நீட்டினார். "இந்தம்மா பூனையோட வந்திருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்லப்பா, முப்பத்திரெண்டு!"

"ஹேமா, இங்கே என்ன ஆயிற்று?" என்று மலாயில் கேட்டார் புவான் ரொஹானி. அவர் கையிலிருந்த கூண்டுக்குள் ஒரு தடித்த செம்மஞ்சள் பூனை ஹேமநாதனை முறைத்தது.

ஹேமநாதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். அவன் ஓடினான். ஸ்டோர் ரூமில் பார்த்தான்: பூனைப் போட்டி. கதிரேசு வீட்டில் லேஸ் துணியைத் தூக்கிப் பார்த்தான்: நிச்சயதார்த்தம். பட்டு ஜிப்பாவோடு கால்வாய்க்குள் இறங்கிக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தான். முடிச்சு வந்தது. நல்ல இறுக்கமான முடிச்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கால்வாயிலேயே நின்றான்.

அவன் திரும்பி வந்தபோது, பெக்கான் நானாஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டிருந்தார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை. வேனின் முன் சீட்டில் மாப்பிள்ளை செல்வாவின் அத்தை வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சரி என்று சொன்னால்தான் எதுவும் சரி. அவர் ஒரு காலைக் கீழே வைக்கப் போன நேரத்தில், ஒருவர் பூனையோடு குறுக்கே போனார். வெள்ளையம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சகுனம் சரியில்ல. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு எறங்குவோம்."

எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். மறுபடி காலை வைத்தார். இன்னொரு பூனை குறுக்கே போனது. மறுபடி தண்ணீர். மூன்றாம் முறை ஒரே நேரத்தில் இரண்டு பூனைகள், எதிரெதிர்த் திசையில் போயின. வேனில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பின் சீட்டில் இரண்டு பேருக்குக் கழிவறை அவசரம்.

"அத்த, மணி பதினொண்ணு ஆவுது" என்றான் செல்வா பின்னாலிருந்து. "பன்னெண்டுக்கு மேல எமகண்டம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்கு நான் என்னாடா பண்றது? பூனைய நானா கூட்டியாந்தேன்?"

கதிரேசு வேனருகே வந்தார். நில அலுவலகத்தில் வரும் வழக்குகளைப் போலவே இதையும் தீர்க்க முடியும் என்று நம்பினார். "அம்மா, பூனை தன்ர காலால நடந்து குறுக்க போனாத்தான் அது சகுனம். இதுகள் கூண்டில போகுதுகள். இதுகள் பயணிகள். விளங்குதோ?"

வெள்ளையம்மா யோசித்தார். "பயணியா இருந்தாலும் பூனை பூனைதான்" என்றார்.

மனோகரன் மண்டபப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மலர் அலங்கரித்த முகத்தோடு கதவுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். ஹேமநாதன் மனோகரன் முன்னால் போய் நின்றான். ஜிப்பாவின் கீழ்ப்பாதி சேறாக இருந்தது.

"அண்ணே, தப்பு என் மேலதான். கேபிள் அறுந்து கெடக்கு. ரெண்டு மெஷினும் தனித்தனியா தேதி குடுத்துருச்சி. அப்படிக் குடுக்கக்கூடாதுன்னு ஒரு விதி இருந்துச்சி, அத நான்தான் எடுத்தேன்."

"அந்த விதியை எடுக்கச் சொன்னது நான்" என்றார் கதிரேசு. அவர் அப்படிச் சொல்வார் என்று ஹேமநாதன் எதிர்பார்க்கவில்லை. யோகமும் எதிர்பார்க்கவில்லை; கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நாலு தரம் சொன்னனான். பிழை என்னிலயும் இருக்கு, மனோகரன்."

"யாரு தப்பா இருந்தா என்னாங்க?" மனோகரன் துண்டுக்குள்ளிருந்து பேசினார். "அந்தம்மா எறங்க மாட்டேங்குதே!"

அதுவரை பேசாமல் நின்ற லோஷினி, வேன்களையும் மண்டபக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பூனைங்க வெளிய இருக்கறதுனாலதான குறுக்க போவுது?" என்றாள். "எல்லாத்தையும் மொதல்ல உள்ள ஏத்திட்டா வெளிய ஒரு பூனையும் இருக்காதுல்ல?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேட நமக்கு. மேசைங்க இருக்கற பாதி பூனைக்கு. நடுவுல ஜமுக்காளத்தக் கட்டி விடுவோம்."

புவான் ரொஹானியிடம் அதை மலாயில் சொன்னாள். அவர் உடனே ஒத்துக்கொண்டார். போட்டி நடுவர் தூரத்துக் குளுவாங்கிலிருந்து வந்திருந்தார், அவருக்கும் சாயங்காலம் வேறு போட்டி இருந்தது. ஹேமநாதன், மனோகரன், சமையல்காரர், யோகா டீச்சர், யாரார் கையில் எது கிடைத்ததோ அதைத் தூக்கினார்கள். பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டு பூனைகளும் உள்ளே போயின. கதிரேசு வாசலில் நின்று எண்ணினார். பிறகு வேனருகே போய், "வெளியில பூனை இல்லை அம்மா. நானே எண்ணினனான்" என்று அறிவித்தார்.

வெள்ளையம்மா இடமும் வலமும் பார்த்து இறங்கினார். பின்னால் இருந்த இரண்டு பேரும் கழிவறைக்கு ஓடினார்கள்.

நிச்சயதார்த்தம் தொடங்கியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம் நடுவர் ஒவ்வொரு பூனையாகத் தூக்கி, பல், காது, வால் எல்லாம் சோதித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பெரியவர்கள் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். நடுவில் பட்டுப்புடவைத் தட்டு. ஜொகூரில் செம்மஞ்சள் பூனை பிறந்தால் யோசிக்காமல் ஓயென், அதாவது ஆரஞ்சு, என்று பெயர் வைத்துவிடுவார்கள். அன்று வந்தவற்றில் பதினொரு பூனைகளுக்கு அதே பெயர். நடுவர் "ஓயென்!" என்று கூப்பிட்டபோது பதினொன்றும் திரும்பின. அதில் ஒன்று, புவான் ரொஹானியின் தடித்த ஓயென், திரும்பியதோடு நிற்காமல் மேசையிலிருந்து குதித்து, ஜமுக்காளத்துக்கு அடியில் நுழைந்து, மேடையேறி, பட்டுப்புடவைத் தட்டின் மேல் உட்கார்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துப் படுத்தும்விட்டது.

யாரும் அசையவில்லை. செல்வா கையை நீட்டினான். ஓயென் கண்ணைத் திறக்காமலேயே ஒரு நகத்தைக் காட்டியது. செல்வா கையை இழுத்துக்கொண்டான்.

"அலமாக்!" என்று பதறினார் புவான் ரொஹானி, ஜமுக்காளத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி. "அவன் தூங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்கு எழுந்திரிக்க மாட்டான்" என்று மலாயில் சொல்லி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

எல்லாருடைய கண்ணும் வெள்ளையம்மாவிடம் போனது. வெள்ளையம்மா பூனையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. மலரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். செல்வாவும் அப்படித்தான் இருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

வெள்ளையம்மா தொண்டையைச் செருமினார்.

"பூனை குறுக்க போனாத்தான் தப்பு. இது போகல, உக்காந்துருச்சி. அதுவும் மஞ்ச நெறம். பட்டு மேல மஞ்ச உக்காந்தா நல்லதுதான். தட்ட மாத்துங்க."

அப்படி ஒரு சாஸ்திரத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் யாரும் கேள்வி கேட்கவுமில்லை. மனோகரனும் செல்வாவின் அப்பாவும் பூனையோடு சேர்த்துத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். ஆறு கிலோ ஓயெனுக்காக இருவரும் முழங்காலை மடக்கித் தூக்கவேண்டியிருந்தது. மலர் பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்துச் செல்வாவும் சிரிக்க, பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் நிச்சயம் முடிந்தது.

சாப்பாடு முழுக்கச் சைவம் என்பதால் பூனைக்காரர்கள் எல்லாரும் கூடவே உட்கார்ந்து இலையில் சாப்பிட்டார்கள். ஓயென் மேசையில் இல்லாத காரணத்தால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. நடுவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்து, தூங்கும்போதே அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, நல்ல பல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே ஹேமநாதன் பழைய விதியைத் திரும்பப் போட்டான். கேபிளைக் குழாய்க்குள் செலுத்தி மண்ணுக்கு அடியில் புதைத்தான். கதிரேசு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். "இனிமேல் அவன் முடியாது எண்டு சொன்னா, முடியாதுதான்" என்றார். "நானும் சில நேரம் தெரியாமத்தான் முத்திரை குத்தினனான். இப்ப யோசிக்கப் பயமா இருக்கு."

இரண்டு மாதம் கழித்து ஒரு டேட்டா சென்டரிலிருந்து ஹேமநாதனுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறை ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிராக இருந்தது. ஹேமநாதனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் இருந்தவர் கேட்டார்: நீங்கள் கட்டியதில் மிக மோசமாகக் கெட்டுப்போனது எது?

ஹேமநாதன் பொய் சொல்லத் தயாராகித்தான் போயிருந்தான். விஜயன் நல்ல பொய்யாக ஒன்று எழுதியே கொடுத்திருந்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவனுக்குக் கால்வாயில் கையில் பிடித்திருந்த முடிச்சுத்தான் ஞாபகம் வந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து தொடங்கி, பூனையோடு தட்டு மாற்றியதுவரை முழுதும் சொன்னான். இடது பக்கம் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வலது பக்கம் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த விதியை எடுக்கக்கூடாதென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியும், சார்."

"பின்னே ஏன் எடுத்தீர்கள்?"

"பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார், சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மற்ற இருவரையும் பார்த்தார். "இங்கேயும் எல்லாம் அதனால்தான் கெட்டுப்போகிறது" என்று சொல்லிவிட்டு, அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி ஹேமநாதன் வேலையில் சேர்ந்தான். லோஷினி ஜேபி நகருக்குப் போய் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தாள். கை கொஞ்சம் நீளம், மடித்து விட்டுக்கொண்டான். முதல் வாரம் முழுவதும் அவனுக்கு அங்கே ஒரே வேலைதான் கொடுத்தார்கள்: நாலாயிரம் கேபிள்களுக்கு இரண்டு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. கூடச் சேர்ந்த மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஹேமநாதன் ஒவ்வொரு சீட்டையும் ஒட்டி, விரலால் ஒரு முறை நன்றாக அழுத்திவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தான்.